வழித்துணை: வேம்பயர் என்ற கப்பலின் கதை

மட்டக்களப்புக் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் ஒரு பெரிய கப்பல் ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் பெயர் ஹெர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்று கடற்படை வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். ஆழ்கடலில் மூழ்கிப் பார்ப்பதில் நாட்டமுள்ளவர்கள் அதைக் காண்பதற்கென்றே கிழக்கிலங்கைக்கு வருவதுண்டு.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் முற்பகலில் அது மூழ்கியது. அதற்குக் காவலாக வந்த மற்றொரு கப்பலும் சற்று நேரத்தில் அதே கடலில் மூழ்கியது. ஹெர்மிஸின் வரலாற்றில் இந்த இரண்டாவது கப்பலுக்குப் பெரும்பாலும் ஒற்றை வாக்கியமே கிடைக்கிறது. உடன்சென்ற நாசகாரிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு நூல்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகின்றன.

அந்த நாசகாரியின் பெயர் வேம்பயர். ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்தது. பெரிய கப்பலின் கதைக்கு அடிக்குறிப்பாக அல்லாமல் வேம்பயரின் கதையை அதன் அளவிலேயே தொடக்கத்திலிருந்து படித்துப் பார்த்தால், திடுக்கிட வைக்கும் ஒரு செய்தி கிடைக்கிறது. 1941 டிசம்பர் 10 அன்று மலேயாவின் கிழக்குக் கடலில், தான் காவல் காத்த இரண்டு மாபெரும் கப்பல்கள் விமானத் தாக்குதலில் மூழ்குவதை இக்கப்பலின் மாலுமிகள் கண்ணால் கண்டார்கள். அதற்குச் சரியாக நான்கு மாதம் நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில், மட்டக்களப்புக் கடலில் அதே காட்சியை மறுபடியும் கண்டார்கள். இரண்டு முறையும் நம் பக்கத்துப் போர்விமானங்கள் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இரண்டு முறையும் எல்லாம் முடிந்த பிறகே அவை வந்தன. ஒரே பிழையை இரண்டு கடல்களில் பார்க்க நேர்ந்த சாட்சி இந்தச் சிறிய கப்பல்.

*

முதல் உலகப்போரின் நடுவில், இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கௌஸ் என்ற ஊரில் இக்கப்பல் கட்டப்பட்டது. முதலில் இதற்கு வாலஸ் என்றே பெயரிட எண்ணியிருந்தார்கள். பின்பு அதை மாற்றி, இரத்தம் குடிக்கும் பேயின் பெயரான வேம்பயர் என்று வைத்தார்கள். 'வி' என்ற எழுத்தில் பெயர்கள் தொடங்கும் வகையைச் சேர்ந்த கப்பல் அது. 1917 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. ஏறத்தாழ 1,200 டன் எடையும் 95 மீட்டர் நீளமும் கொண்டது. நான்கு அங்குல விட்டமுள்ள நான்கு பீரங்கிகளும் டார்பிடோக் குழாய்களும் அதன் முக்கிய ஆயுதங்கள்.

இந்த ஆயுதங்களைப் பற்றி ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1917-இல் நாசகாரிக் கப்பலுக்குப் பகைகள் இரண்டு. ஒன்று எதிரியின் நாசகாரி, மற்றது நீர்மூழ்கி. இரண்டும் கடல்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருப்பவை. ஆகவே அதன் பெரிய பீரங்கிகள் தொடுவானத்தை நோக்கிச் சுடுவதற்காக அமைக்கப்பட்டவை. தலைக்கு நேர்மேலே நிமிர்ந்து சுட அவற்றால் இயலாது. வானத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம் அப்போது எவர் கற்பனையிலும் இருக்கவில்லை. பிற்காலத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் சில சேர்க்கப்பட்டாலும் கப்பலின் அடிப்படை அமைப்பு அப்படியே இருந்தது.

1933-இல் ஐந்து பழைய கப்பல்களை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தது. ஸ்டூவர்ட், வென்டெட்டா, வாயேஜர், வாட்டர்ஹென் ஆகிய நான்கோடு ஐந்தாவதாக வேம்பயர் போய்ச் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பகுதியை அது ஒதுக்கிவைக்கப்பட்ட கப்பலாகத் துறைமுகத்திலேயே கழித்தது. அமைதிக்காலத்தில் கடற்படைகளுக்குச் சிறிய கப்பல்கள் மீது நாட்டம் இருப்பதில்லை.

1939-இல் போர் மூண்டதும் ஐந்து கப்பல்களும் சிங்கப்பூர் வழியாக மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டன. இவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று ஜெர்மானியப் பிரச்சாரம் எள்ளி நகையாடியது. ஆஸ்திரேலிய மாலுமிகள் அந்த ஏச்சையே பட்டமாக எடுத்துக்கொண்டு, தங்கள் அணியைப் 'பழைய இரும்பு அணி' என்று பெருமையுடன் அழைத்தார்கள். அணியின் தலைவர் ஹெக் வாலர். 1942 மார்ச் முதல் தேதி, சுந்தா நீரிணையில் பெர்த் என்ற குரூசர் கப்பலோடு உயிர்நீத்தவர் அவர்.

*

மத்தியதரைக் கடலில் வேம்பயர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் புகழ்பெற்ற சண்டைகள் குறைவாகவே இருக்கும். 1940 ஜூலை 9 அன்று இத்தாலியக் கடற்படையோடு நடந்த கலாபிரியாப் போரில் அது இருந்தது. அதையொட்டி நிகழ்ந்த விமானத் தாக்குதல்களில் கப்பலின் பீரங்கி அதிகாரி ஒருவரை இழந்தது. மற்ற நாட்களெல்லாம் சரக்குக் கப்பல்களுக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருப்பதிலேயே கழிந்தன. கிரேக்கத்துக்குப் படைகளைச் சுமந்துசென்ற கப்பல்களுக்குத் துணைபோனது. 1941 ஏப்ரலில் அப்படைகள் தோற்றபோது அவற்றை மீட்டுவரும் பணியிலும் ஈடுபட்டது.

துணைக்காவல் என்ற வேலையின் இயல்பே இதுதான். எதுவும் நடக்காமல் ஒரு பயணம் முடிந்தால் காவல் வெற்றி பெற்றுவிட்டது என்று பொருள். ஆனால் நடக்காததை யார் எழுதிவைப்பார்கள்? சரக்குக் கப்பல்கள் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்த நாட்களுக்கு வரலாற்றில் இடமில்லை. ஏதேனும் ஒன்றைக் காக்கத் தவறிய நாளில்தான் காவல் கப்பலின் பெயர் ஏட்டில் ஏறுகிறது.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக் என்ற துறைமுக நகரை ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. காயம்பட்டோரை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து புறப்பட்ட வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் 1941 ஏப்ரலில் விமானக் குண்டுகளால் சேதமுற்றது. உதவிக்கு ஓடிய கப்பல் பழைய இரும்பு அணியைச் சேர்ந்த வாட்டர்ஹென். நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியரையும் தன் மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டது அது. வீட்டா பிழைத்தது. ஆனால் அடுத்த இரண்டரை மாதத்தில், டோப்ரூக்குக்குச் செல்லும் அதே வழியில், விமானத் தாக்குதலுக்கு ஆளாகி 1941 ஜூன் 30 அன்று வாட்டர்ஹென் மூழ்கியது. இரண்டாம் உலகப்போரில் எதிரியின் தாக்குதலால் ஆஸ்திரேலியக் கடற்படை இழந்த முதல் கப்பல் அதுவே.

அதற்குள் வேம்பயர் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது. ஓய்வின்றி ஓடியதால் பழுதுபட்டுப்போன பழைய எந்திரங்களைச் செப்பனிட 1941 மே இறுதியில் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அவ்வாண்டிலேயே வில்லியம் மோரன் அதன் கேப்டனாகப் பொறுப்பேற்றார். போரிலிருந்து விலகிச் செல்வதாக மாலுமிகள் எண்ணியிருக்கக்கூடும். போர் அவர்களைத் தேடிக்கொண்டு சிங்கப்பூருக்கே வந்தது.

*

1941 டிசம்பர் 2 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் சிங்கப்பூர் வந்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அவ்வாண்டுதான் பணியில் சேர்ந்த புதிய கப்பல். மே மாதம் பிஸ்மார்க்கோடு மோதியது. ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்கச் சர்ச்சிலைச் சுமந்து சென்றது. இவ்விரு கப்பல்களும் வந்து நின்றாலே ஜப்பான் தயங்கும் என்று லண்டன் நம்பியது. ஆறே நாட்களில் ஜப்பானியப் படைகள் மலேயாவின் வடகிழக்கிலும் தாய்லாந்தின் தெற்கிலும் இறங்கின.

டிசம்பர் 8 மாலை அட்மிரல் டாம் பிலிப்ஸ் இரு பெரும் கப்பல்களோடும் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். காவலுக்குச் சென்ற நாசகாரிகள் நான்கு: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனடாஸ், வேம்பயர். படைகளை இறக்கிக்கொண்டிருக்கும் ஜப்பானியக் கப்பல்களை எதிர்பாராத நேரத்தில் தாக்குவது திட்டம். கேட்ட இடத்தில் போர்விமானப் பாதுகாப்புத் தர இயலாது என்று கரையிலிருந்து வந்த செய்தி, பயணத்தைத் தொடங்கியபின் அவருக்குக் கிடைத்தது. அவர் திரும்பவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வேம்பயரின் காவற்காரர் ஒருவர் தொலைவில் ஒரு விமானத்தைக் கண்டார். மேகங்களுக்கிடையே சிறிது நேரம் தென்பட்டு மறைந்த விமானம். வேறெவர் கண்ணிலும் அது படவில்லை. செய்தி அட்மிரலுக்கு அனுப்பப்பட்டது. ஒருவர் மட்டுமே ஒரு கணம் கண்டதை வைத்துத் திட்டத்தைக் கைவிடலாகாது என்று அவர் தீர்மானித்தார். அத்தீர்மானத்தைப் பிழை என்று இன்று எளிதில் சொல்லிவிடலாம். அந்த விடியலில் கப்பல் மேடையில் நின்றவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

அன்று மாலை ஜப்பானிய வேவு விமானங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபின் பிலிப்ஸ் திட்டத்தைக் கைவிட்டுத் தெற்கே திரும்பினார். எரிபொருள் குறைந்துபோன டெனடாஸ் முன்னதாகவே அனுப்பப்பட்டது. அவ்விரவு, குவாந்தானில் எதிரிகள் இறங்குவதாகத் தவறான தகவல் ஒன்று வந்தது. அதை நம்பி அணி அத்திசையில் திரும்பியது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை எதிரி அறியக்கூடாது என்பதற்காக பிலிப்ஸ் வானொலி மௌனம் காத்தார். அதனால் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கும் அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாமல் போனது.

டிசம்பர் 10 அன்று காலை பதினொரு மணி கடந்ததும் இந்தோசீனாவின் விமானத்தளங்களிலிருந்து ஜப்பானியக் கடற்படை விமானங்கள் வந்து சேர்ந்தன. முதலில் குண்டுகள், பின்பு டார்பிடோக்கள். தாக்குதல் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியும் சிங்கப்பூருக்கு எந்தச் செய்தியும் அனுப்பப்படவில்லை என்பதை ரிபல்ஸின் கேப்டன் டெனன்ட் கண்டுகொண்டு தாமே அனுப்பினார். செய்தி கிடைத்த சில நிமிடங்களில் சிங்கப்பூரிலிருந்து பஃபலோ போர்விமானங்கள் கிளம்பின. பகல் 12.33-க்கு ரிபல்ஸ் மூழ்கியது. ஒன்றேகால் மணியளவில் அந்த விமானங்கள் வந்து சேர்ந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் போய்விட்டிருந்தன. அவற்றை ஓட்டிவந்தவர்கள் கீழே கண்டதெல்லாம் எண்ணெய் படர்ந்த கடலும், அதில் தத்தளித்த மனிதர்களும், அவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த சிறிய கப்பல்களுமே.

திறந்த கடலில் இயங்கிக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலால் மட்டுமே மூழ்கியது அதுவே முதல்முறை. அட்மிரல் பிலிப்ஸ் உட்பட 840 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். அப்பிழைப்பு மூன்று நாசகாரிகளின் உழைப்பு. சாய்ந்துகொண்டிருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் விலாவோடு ஒட்டி நின்று எக்ஸ்பிரஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டது. ரிபல்ஸின் மாலுமிகளை எலெக்ட்ராவும் வேம்பயரும் நீரிலிருந்து எடுத்தன. வேம்பயர் எடுத்தவர்கள் 225 பேர். அப்பணி நடந்தபோது ஜப்பானிய விமானங்கள் இடையூறு செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

காக்க வேண்டிய கப்பலைக் காக்க முடியாதபோது அதிலிருந்த மனிதர்களையாவது காப்பது என்பது அன்று வேம்பயருக்கு வாய்த்த கடமை. அதை அது நிறைவேற்றியது.

*

அடுத்த ஏழு வாரம் சிங்கப்பூருக்கு வரும் கப்பல்களுக்குத் துணைபோவதில் கழிந்தது. 1942 ஜனவரி 26 இரவு, ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள எண்டாவில் படைகளை இறக்கிக்கொண்டிருந்த ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க இரண்டே நாசகாரிகள் அனுப்பப்பட்டன. முதல் உலகப்போர்க் காலத்தைச் சேர்ந்த தானெட் ஒன்று, வேம்பயர் மற்றொன்று. எதிரே ஒரு குரூசரும் பல நவீன நாசகாரிகளும் இருந்தன. வேம்பயர் எய்த டார்பிடோக்கள் இலக்கைச் சேரவில்லை. தானெட் மூழ்கியது. புகைத்திரையின் மறைவில் வேம்பயர் மட்டும் சிங்கப்பூர் திரும்பியது.

பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது வேம்பயர் அங்கில்லை. ஜனவரி முடிவதற்குள் புறப்பட்டு, சுந்தா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, இலங்கையைத் தளமாகக் கொண்டுவிட்டது. பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடற்போரில் எலெக்ட்ரா மூழ்கியது. டிசம்பரில் பிலிப்ஸோடு புறப்பட்ட நான்கு காவல் கப்பல்களில் முதல் இழப்பு அது.

இலங்கையில் அப்போது அட்மிரல் சாமர்வில்லின் கீழ் ஒரு பெரிய அணி திரட்டப்பட்டிருந்தது. பெரிது என்றாலும் அதில் பல பழைய கப்பல்கள். எதிரே வரவிருந்ததோ பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவின் அணி. ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களோடு வந்தது. ஏப்ரல் முதல் தேதியை ஒட்டித் தாக்குதல் வரும் என்று உளவுச் செய்தி சொன்னது. சாமர்வில் கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அபாயம் தள்ளிப்போய்விட்டது என்று கருதி அவர் மாலத்தீவின் அட்டு வளையத்தீவுக்கு எரிபொருளும் நீரும் நிரப்பச் சென்றார். கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸையும் வேம்பயரையும் திருகோணமலைக்கும் பிரித்தனுப்பினார். அடுத்து வரவிருந்த மடகாஸ்கர்ப் படையெடுப்புக்கு ஹெர்மிஸ் ஆயத்தமாக வேண்டியிருந்தது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. அன்று பிற்பகல் இரு குரூசர்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்து மூழ்கிய கப்பல்களில் டெனடாஸும் ஒன்று. நான்கில் இரண்டு போயிற்று.

*

ஏப்ரல் 8 அன்று ஜப்பானிய அணி மறுபடியும் கண்ணுக்குப் பட்டது. இம்முறை குறி திருகோணமலை என்பது தெளிவு. துறைமுகத்தில் நின்றால் கப்பல்கள் நின்ற இடத்திலேயே அடிபடும். ஆகவே இரவோடு இரவாகத் துறைமுகம் காலி செய்யப்பட்டது. ஹெர்மிஸும் வேம்பயரும் கரையை ஒட்டித் தெற்கே சென்றன. இது தவறான முடிவு என்று சொல்லமுடியாது. மறுநாள் காலை ஏழரை மணியளவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று ஜப்பானிய விமானம் வந்து விழுந்ததில் தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. சீனக்குடாவிலிருந்து எழுந்து சண்டையிட்ட ஹரிக்கேன் போர்விமானங்களில் பல வீழ்ந்தன.

ஹெர்மிஸின் சொந்த விமானங்கள் கரையிலேயே விடப்பட்டிருந்தன. விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று விமானமே இல்லாமல் கடலில் சென்றது என்று இதைப் பலரும் வியப்போடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அவை ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற இரட்டை இறக்கை விமானங்கள். மெதுவாகப் பறந்து டார்பிடோ வீசுபவை. வானில் எதிரியை மறித்துப் போரிடக் கூடியவை அல்ல. ஹெர்மிஸுக்கு அன்று தேவைப்பட்டது கரையிலிருந்து வரும் போர்விமானங்கள்தாம்.

காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, மட்டக்களப்புக்கு அப்பால் இரண்டு கப்பல்களையும் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. அது தன் அணிக்கு அனுப்பிய செய்தியை பிரிட்டிஷார் இடைமறித்துக் கேட்டார்கள். முழு வேகத்தில் திருகோணமலை நோக்கித் திரும்புமாறு இரு கப்பல்களுக்கும் கட்டளை பறந்தது. போர்விமானங்களை அனுப்பவும் முயன்றார்கள். சீனக்குடாவிலோ காலைச் சண்டைக்குப்பின் அனுப்பத் தகுந்தவை அதிகம் இல்லை. தீவின் மறுகரையில், கொழும்புக்கு அருகே ரத்மலானையில் ஃபுல்மர் விமானங்கள் இருந்தன. ஆனால் காலைக் குண்டுவீச்சில் திருகோணமலையின் செய்தித்தொடர்பு சீர்குலைந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக இரண்டு கப்பல்களும் திறந்த வானத்தின் கீழ் வடக்கு நோக்கி ஓடின.

பத்தரை மணி கடந்ததும் 85 விமானங்கள் வந்தன. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் வகை. அவை தங்கள் வலிமையை முதலில் ஹெர்மிஸின் மீது குவித்தன. தொடர்ச்சியாக விழுந்த குண்டுகளில் கப்பலின் ஆயுதங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அது கவிழ்ந்து மூழ்கியது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் அதனோடு போயினர்.

பின்பு எஞ்சிய குண்டுகளுக்கு இலக்காக வேம்பயர் இருந்தது. தலைக்கு மேல் நிமிர முடியாத பழைய பீரங்கிகளோடும் கைக்கெட்டிய சிறு துப்பாக்கிகளோடும் அது போரிட்டது. முதலில் அருகில் விழுந்த குண்டுகள் அதைக் குலுக்கின. பின்பு நேரடியாக விழுந்தவை எந்திரங்களை நிறுத்தின. கப்பலை விட்டு நீங்க மோரன் ஆணையிட்டார். வேம்பயர் இரண்டாக உடைந்து, பதினொரு மணியளவில் மூழ்கியது. இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. மோரன் அவர்களுள் ஒருவர்.

ரத்மலானையிலிருந்து ஃபுல்மர்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் கடலடியில் இருந்தது.

*

வேம்பயரின் மாலுமிகள் இப்போது நீரில் இருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் ரிபல்ஸின் மாலுமிகள் இருந்த நிலை. அன்று அவர்களைத் தூக்கியெடுக்க வேம்பயர் இருந்தது. இன்று யார் இருக்கிறார்கள்?

திருகோணமலையிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த ஒரு மருத்துவமனைக் கப்பல் அப்பக்கம் தென்பட்டது. வெள்ளை வண்ணமும் செஞ்சிலுவைக் குறியும் கொண்டிருந்த அதை ஜப்பானிய விமானங்கள் தாக்கவில்லை. ஹெர்மிஸ், வேம்பயர் இரண்டிலுமிருந்து ஏறத்தாழ 600 பேரை அது ஏற்றிக்கொண்டு கொழும்பு சென்றது. கரை அருகிலேயே இருந்ததால் வேறு சிலர் நீந்தியே கரையேறினார்கள்.

அந்த மருத்துவமனைக் கப்பலின் பெயர் வீட்டா. ஓராண்டுக்கு முன் டோப்ரூக்கில் வாட்டர்ஹென் காப்பாற்றிய அதே வீட்டா. பழைய இரும்பு அணியின் ஒரு கப்பல் செய்த உதவியை, அது மூழ்கிப்போன பிறகு, அதன் உடன்பிறப்பின் மாலுமிகள் வேறொரு கடலில் திரும்பப் பெற்றார்கள். நாவலில் இப்படி ஒரு திருப்பம் வந்தால் ஆசிரியர் வலிந்து புகுத்தியது என்று நாமே குறை சொல்வோம்.

அன்று அக்கடலில் வேறொரு வழித்துணையும் மடிந்தது. ஹாலிஹாக் என்ற சிறு கொர்வெட் கப்பல், ஆதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. இரண்டும் மூழ்கின. எண்ணெய்க் கப்பலின் மாலுமிகள் அனைவரும் பிழைத்தார்கள். காவலாக வந்த ஹாலிஹாக்கில் 53 பேர் இறந்தார்கள். ஹெர்மிஸுக்குக் கிடைத்த ஒளியில் வேம்பயருக்கு ஒரு வாக்கியமாவது கிடைக்கிறது. ஹாலிஹாக்குக்குப் பல நேரங்களில் அதுவும் இல்லை.

*

வழித்துணை என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கவுந்தியடிகள் நினைவுக்கு வருவார். கோவலனையும் கண்ணகியையும் காட்டுவழியின் இடர்களிலிருந்து காத்து, மதுரையின் புறஞ்சேரி வரை கொண்டுவந்து, மாதரியிடம் அடைக்கலம் கொடுத்தவர். வழியில் வரக்கூடிய துன்பங்களையெல்லாம் அவர் அறிவார். துன்பம் வந்ததோ வழியிலிருந்து அன்று. நகருக்குள்ளிருந்து, ஒரு பொற்கொல்லனின் சொல்லிலிருந்து வந்தது. கோவலன் மாண்ட செய்தி கேட்டு அவர் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். காவலில் அவர் செய்த குறை எதுவும் இல்லை. எந்தத் திசையிலிருந்து தீங்கு வருமோ அந்தத் திசையில் அவருக்கு அதிகாரம் இல்லை.

வேம்பயரின் நிலையும் அதுவே. நீர்மூழ்கி வந்திருந்தால் அது மறித்திருக்கும். எதிரியின் நாசகாரி வந்திருந்தால் எண்டாவில் செய்ததுபோல எதிர்த்து நின்றிருக்கும். தீங்கு வானத்திலிருந்து வந்தது. வானத்தைக் காக்கும் அதிகாரமும் கருவியும் கரையில் இருந்தவர்களிடம் இருந்தன.

குவாந்தானில் நிகழ்ந்ததையும் மட்டக்களப்பில் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒன்றே என்று முடித்துவிடவும் கூடாது. முதல்முறை கேட்காததால் உதவி வரவில்லை. இரண்டாம் முறை கேட்டும் வரவில்லை. பிலிப்ஸ் செய்த பிழைக்கு ஒரு சமாதானம் உண்டு: ஓடுகிற பெரும் போர்க்கப்பலை விமானங்களால் மட்டும் மூழ்கடிக்க முடியும் என்பதை அதுவரை எவரும் கண்டதில்லை. 1942 ஏப்ரலில் அச்சமாதானம் செல்லாது. பாடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மௌனம் காக்க வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. எதிரி கண்டுவிட்டான் என்பதும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தெரியும். இருந்தும், பாடத்தைச் செயலாக்கத் தேவையான விமானங்களின் எண்ணிக்கையும், அறுபடாத செய்தித்தொடர்பும், கடற்படைக்கும் விமானத்தளத்துக்கும் இடையே தடையின்றி ஓடும் ஏற்பாடும் இல்லை. ஒன்றை அறிந்துகொள்வதற்கும் அறிந்தபடி நடக்க ஆயத்தமாவதற்கும் இடையேயுள்ள தொலைவு நான்கு மாதத்தில் கடக்கக் கூடியதாக இல்லை. அத்தொலைவின் விலையை, அதைக் குறைக்கும் அதிகாரம் சிறிதுமில்லாத மாலுமிகள் கொடுத்தார்கள்.

வென்றவர்களுக்கும் அப்பாடம் தப்பவில்லை. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டே மாதத்தில், 1942 ஜூனில், மிட்வே போரில் விமானங்களால் அழிந்தன.

வேம்பயர் என்ற பெயரை ஆஸ்திரேலியா கைவிடவில்லை. 1959-இல் பணியில் சேர்ந்த ஒரு புதிய நாசகாரிக்கு அதே பெயரைச் சூட்டியது. அது 1986 வரை பணியாற்றி, பின்பு சிட்னியின் டார்லிங் துறைமுகத்தில் அருங்காட்சியகக் கப்பலாக நிறுத்தப்பட்டது. முதல் வேம்பயருக்கு அப்படி ஒரு நிறுத்தம் கிடைக்கவில்லை. அது மறைந்த இடத்தின் மேல் மட்டக்களப்பு மீனவர்களின் படகுகள் போய்வருகின்றன.

குறைந்தபட்சம் ஒரு கணக்கை அதன் பெயரில் எழுதிவைக்கலாம். அது காவல் சென்ற பெருங்கப்பல்களில் மூன்று மூழ்கின. அக்கணக்கில் அதன் குற்றம் ஏதுமில்லை. அதன் கையால் கடலிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், ஒரே நாளில், 225 பேர். அவர்களில் பலர் போருக்குப்பின் வீடு திரும்பி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, முதுமை கண்டிருப்பார்கள்.